அளக்கத் தெரிந்த பிறகே வந்த சட்டம்: டிவி விளம்பரச் சத்தம்

அவையோருக்கு வணக்கம்.

நிகழ்ச்சி ஒரு சத்தத்தில் போகிறது, விளம்பரம் வந்ததும் காதைக் கிழிக்கிறது என்ற புகார், டிவியில் விளம்பரம் வந்த காலத்திலிருந்தே இருக்கிறது. அமெரிக்காவில் எஃப்சிசி என்ற கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 1965இலேயே இதைப் பற்றி ஒரு கொள்கை அறிக்கை விட்டது. பிறகு விசாரணை, கருத்துக் கேட்பு என்று நடந்து, 1984இல் இதைக் கட்டுப்படுத்த உருப்படியான வழி கிடைக்கவில்லை என்று ஆணையமே கோப்பை மூடிவிட்டது. அதே நாட்டில் 2010 டிசம்பர் 15 அன்று அதிபர் ஒபாமா விளம்பர ஒலித் தணிப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். சுருக்கமாக 'காம்' சட்டம் என்பார்கள். கலிபோர்னியாவைச் சேர்ந்த அன்னா எஷூ கீழவையிலும், ஷெல்டன் வைட்ஹவுஸ் செனட்டிலும் கொண்டுவந்த மசோதா அது.

1984க்கும் 2010க்கும் இடையில் விளம்பரம் எடுப்பவர்கள் திருந்திவிடவில்லை. மீட்டர்தான் மாறியது. இன்று நான் பேச வந்தது பெரும்பாலும் அந்த மீட்டரைப் பற்றித்தான். சட்டத்தின் பலமும் ஓட்டையும் இரண்டுமே அதற்குள் இருக்கின்றன.

பழைய மீட்டர் என்ன செய்தது? சிக்னலின் உச்சத்தைக் காட்டியது. டிரான்ஸ்மிட்டர் தாங்குமா, சிக்னல் கிழியுமா என்று பார்க்க அது போதும். ஆனால் காது உச்சத்தைக் கேட்பதில்லை. ஒரு தொடரில் அம்மா தணிந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறாள், மகன் கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரின் உச்சம் அந்தக் கதவுச் சத்தம். பேச்சு அதற்கு 15, 20 டெசிபெல் கீழே கிடக்கும். அடுத்து வரும் சோப்பு விளம்பரத்தில் குரல், இசை, மணியோசை எல்லாவற்றையும் கம்ப்ரஸர் வைத்து அமுக்கி, லிமிட்டர் வைத்து உச்சியைச் சீவி, மொத்தத்தையும் மேலே தூக்கியிருப்பார்கள். ஒவ்வொரு அசையும் உச்சத்தை ஒட்டியே ஓடும். உச்சம் இரண்டுக்கும் ஒன்றுதான், மீட்டரில் குற்றமில்லை. சராசரியில் 10 டெசிபெல் வித்தியாசம். 10 டெசிபெல் ஏறினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகப் படும். இதோடு, காது கூர்மையாகக் கேட்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பகுதியை ஈக்வலைசரில் கொஞ்சம் ஏற்றிவிட்டால் குரல் இன்னும் முன்னே வந்து நிற்கும். பழைய மீட்டருக்கு இதுவும் தெரியாது.

இதை உடைத்தது 2006இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட பிஎஸ் 1770 என்ற அளவீட்டு முறை. இதற்கான சோதனைகளில் கனடாவின் தகவல் தொடர்பு ஆய்வு மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கேட்பவர்களிடம் பல ஒலித் துண்டுகளைக் கொடுத்து, ஒரு மாதிரி ஒலிக்குச் சமமாகக் கேட்கும்வரை ஒலியளவைத் திருகச் சொன்னார்கள். பிறகு, அவர்கள் திருகிய அளவை எந்தக் கணக்கு சரியாக முன்கூட்டியே சொல்கிறது என்று பார்த்தார்கள். செவியியல் தெரிந்தவர்கள் செய்த சிக்கலான மாதிரிகளை எல்லாம் மிக எளிமையான கணக்கு ஒன்று எட்டிப்பிடித்தது. அடித்தொனியைக் குறைத்து, மேல் தொனியை ஏறக்குறைய 4 டெசிபெல் உயர்த்தி, சக்தியின் சராசரியை எடுப்பது, அவ்வளவுதான். எளிய கணக்கு என்பதால் எந்த மிக்ஸிங் அறையிலும், எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடியது. சட்டம் போட அதுதான் இடம் கொடுத்தது. அலகின் பெயர் அமெரிக்காவில் எல்கேஎஃப்எஸ், ஐரோப்பாவில் எல்யூஎஃப்எஸ். எண் ஒன்றேதான்.

'காம்' சட்டம் மிகச் சிறியது. அதில் டெசிபெல் எண் எதுவும் கிடையாது. அமெரிக்க டிஜிட்டல் டிவிக்குத் தரநிலை வகுக்கும் ஏடிஎஸ்சி அமைப்பு 2009 நவம்பரில் வெளியிட்ட ஏ/85 என்ற தொழில்நுட்ப வழிகாட்டியை விதியாக்கு என்று எஃப்சிசிக்கு உத்தரவிடுகிறது. 2011 டிசம்பரில் விதி வந்தது, 2012 டிசம்பர் 13 முதல் நடைமுறை. கோப்பாகக் கைமாறும் ஒலிக்கு ஏ/85 சொல்லும் இலக்கு மைனஸ் 24 எல்கேஎஃப்எஸ். டிஜிட்டல் ஒலியின் உச்ச வரம்பைப் பூஜ்யமாக வைத்துக் கீழே எண்ணுவதால்தான் மைனஸ்; பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம். இரண்டு பக்கமும் 2 டெசிபெல் சலுகை உண்டு. அந்தச் சலுகை அளவீட்டில் வரும் முன்பின்னுக்காக. மைனஸ் 22இல் கொண்டுபோய் நிறுத்திக்கொள்ளலாம் என்பதற்காக அல்ல. இதை மறந்துவிட்டு வேலை செய்யும் ஸ்டூடியோக்கள் உண்டு.

பொறுப்பு விளம்பரதாரர் மேல் இல்லை. ஒளிபரப்பும் நிலையம், கேபிள் மற்றும் டிடிஎச் நிறுவனம் மேல். தானே செருகும் விளம்பரத்துக்கு நிலையம் நேரடிப் பொறுப்பு. நெட்வொர்க்கிலிருந்து நிகழ்ச்சியோடு சேர்ந்து வருகிற விளம்பரத்துக்கு, அனுப்புகிறவரிடம் சான்று வாங்கி வைத்திருந்தால் பாதுகாப்பு. ஆணையம் தானாக உட்கார்ந்து எல்லாச் சேனலையும் அளப்பதில்லை. ஒரே நிலையத்தின் மேல் புகார்கள் வரிசையாகச் சேர்ந்தால்தான் கேள்வி கேட்கும். அதனால் புகாரில் விளம்பரத்தின் பெயர், தேதி, நேரம், சேனல், ஓடிய நிகழ்ச்சி, கேபிளா ஆன்டெனாவா என்பதெல்லாம் இருக்க வேண்டும். 'விளம்பரமெல்லாம் ஒரே இரைச்சல்' என்று எழுதினால் அதை வைத்து யாரையும் கேட்க முடியாது.

இனி ஓட்டைக்கு வருவோம். கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பதிப்பில் மீட்டர் தொடக்கம் முதல் கடைசி வரை எல்லாவற்றையும் சராசரியில் சேர்த்தது. 30 வினாடி விளம்பரத்தில் 15 வினாடி மௌனம், 15 வினாடி மைனஸ் 21. சக்தி பாதியாகும், அதாவது 3 டெசிபெல் குறையும். மீட்டர் மைனஸ் 24 காட்டும், பாஸ். அரிசியில் கல்லைக் கலந்து எடையைச் சரிக்கட்டும் வேலை. இதை அடைத்தது 2011இல் பிஎஸ் 1770இன் இரண்டாம் பதிப்பில் வந்த 'கேட்' என்ற வடிகட்டும் வாசல். ஒலியை 400 மில்லி வினாடித் துண்டுகளாக எடுக்கிறது, 100 மில்லி வினாடிக்கு ஒரு புதுத் துண்டு. மைனஸ் 70க்குக் கீழே உள்ள துண்டுகளை முதலில் தள்ளிவிடுகிறது. மிச்சத்தின் சராசரியை எடுத்து, அதற்கு 10 டெசிபெல் கீழே உள்ளவற்றையும் தள்ளிவிட்டு மறுபடி சராசரி எடுக்கிறது. மேலே சொன்ன விளம்பரம் இப்போது மைனஸ் 21 என்றே காட்டும், தோற்கும். எஃப்சிசி இந்த முறையை 2015 ஜூன் 4 முதல் கட்டாயமாக்கியது.

ஓட்டை முழுதும் அடைபட்டதா? 25 வினாடி மைனஸ் 33இல் முணுமுணுத்துவிட்டு, கடைசி 5 வினாடி மைனஸ் 16.7இல் பொருளின் பெயரைக் கத்துங்கள். சராசரி மைனஸ் 24. அதிலிருந்து 10 கீழே மைனஸ் 34, முணுமுணுப்பு அதற்கு மேலே இருப்பதால் கேட் அதைத் தள்ளாது. அமெரிக்க விதியில் இது பாஸ். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் இதை யோசித்திருக்கிறது. அவர்களுடைய ஆர் 128 பரிந்துரை 2010 ஆகஸ்ட்டில் வந்தது, இலக்கு மைனஸ் 23. விளம்பரம் போன்ற குறும்படைப்புகளுக்கென்று தனி இணைப்பு ஒன்று போட்டு, எந்த 3 வினாடியை எடுத்தாலும் மைனஸ் 18ஐத் தாண்டக் கூடாது என்றார்கள். நம் கத்தல் விளம்பரம் அங்கே மாட்டிக்கொள்ளும். சராசரி மட்டும் பார்க்கும் விதியைவிட இது நல்ல விதி என்பது என் கருத்து.

எல்லாம் சரியாக இருந்தும் பார்ப்பவர் ரிமோட்டைத் தேடுவார், அதற்கும் காரணம் உண்டு. நீண்ட நிகழ்ச்சியில் ஏ/85 அளக்கச் சொல்வது பெரும்பாலும் வசனத்தை. விளம்பரத்தில் குரல், இசை எல்லாம் சேர்த்து அளக்கச் சொல்கிறது. படத்தின் வசனம் மைனஸ் 24இல் சரியாக நிற்கிறது. ஆனால் இடைவேளைக்கு முந்தைய காட்சியில் நாயகி இருட்டில் மூச்சை அடக்கி நிற்கிறாள், ஒலி மைனஸ் 40. அடுத்த நொடி விளம்பரம் மைனஸ் 24. விதி மீறவில்லை, 16 டெசிபெல் குதித்துவிட்டது. இதற்குச் சட்டத்தில் மருந்து கிடையாது. இடைவேளையை எங்கே வெட்டுவது என்று முடிவு செய்கிற எடிட்டர் கையில் கொஞ்சம் இருக்கிறது.

இன்னொரு கோளாறு லேபிளில் வருகிறது. அமெரிக்க டிஜிட்டல் டிவியின் ஏசி-3 ஒலியில் 'டயல்நார்ம்' என்று, வசனம் எவ்வளவு சத்தம் என்பதைச் சொல்லும் ஒரு எண் கூடவே போகும். 31இலிருந்து அந்த எண்ணைக் கழித்து வரும் டெசிபெல் அளவுக்கு வீட்டில் உள்ள டிகோடர் ஒலியைக் குறைக்கும். 24 என்று இருந்தால் 7 டெசிபெல் குறையும். நிகழ்ச்சிக்கு 24 போட்டு அனுப்பி, மைனஸ் 24இல் மிக்ஸ் செய்த விளம்பரத்துக்கு மட்டும் 31 போட்டுவிட்டால் விளம்பரம் குறையவே குறையாது, 7 டெசிபெல் தூக்கலாக வரும். என்கோடரில் முன்பே இருக்கும் 27ஐ மாற்றாமல் விட்டால் 3 டெசிபெல். ஒலியில் ஒரு குறையும் இருக்காது. மிக்ஸ் செய்தவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், தவறு என்கோடர் அமைப்பில் இருக்கும்.

ஒலிப்பதிவு, மிக்ஸிங் வேலையில் இருப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு வேலைமுறையைச் சொல்கிறேன். முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம் வரை விளம்பரத்தை மட்டும் அளவிடுங்கள். முன்னால் இருக்கும் கலர் பார், 1,000 ஹெர்ட்ஸ் டோன், கவுன்ட்டவுன் எதுவும் கணக்கில் வரக் கூடாது. டோன் உள்ளே புகுந்தால் எண் நம்பத் தகுந்ததாக இருக்காது. மீட்டர் மைனஸ் 15.3 காட்டினால் 8.7 டெசிபெல் குறையுங்கள். வேறு கம்ப்ரஷன் ஏதும் வேண்டாம், கெயின் மட்டும் போதும். மெல்லிய குரல் உள்ள விளம்பரத்தை ஏற்ற வேண்டி வந்தால் ட்ரூ பீக்கைப் பாருங்கள், மைனஸ் 2க்கு மேல் போக விடாதீர்கள். சாதாரண பீக் மீட்டர் சாம்பிளுக்கு நடுவில் எழும் உச்சத்தைக் காட்டாது. மோனோ கோப்பை ஒரே சேனலாக அளந்தால் 3 டெசிபெல் குறைத்துக் காட்டும். இரண்டு ஸ்பீக்கரிலும் போகப்போகிற ஒலி என்றால் இரண்டு சேனலாகவே அளக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில், ஒலியளவைச் சரிசெய்யும் லவுட்நார்ம் ஃபில்டர் பயன்படுத்துபவர்கள் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடாதீர்கள். அது போகிற போக்கில் ஒலியை ஏற்றி இறக்கும். முதல் ஓட்டத்தில் அளந்து, கிடைத்த எண்களை இரண்டாவது ஓட்டத்தில் கொடுத்து, லீனியர் முறையில், அதாவது முழுதுக்கும் ஒரே கெயினில், நடந்ததா என்று அறிக்கையில் பாருங்கள். சாம்பிள் ரேட்டை 48,000 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கோப்பு 192,000இல் வந்து நிற்கலாம்.

நம் ஊரில் என்ன என்று கேட்பீர்கள். இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 7ஆம் விதி விளம்பரங்களைப் பற்றியது. விளம்பரத்தின் படமும் ஒலியும் அளவுக்கு மீறி உரத்து இருக்கக் கூடாது என்று அதன் 6ஆம் உட்பிரிவு சொல்கிறது. எவ்வளவு போனால் அளவு மீறியது, எந்த மீட்டர் என்று அந்த வரியில் இல்லை. 1994இல் யாரும் அதைச் சொல்லியிருக்கவும் முடியாது. பிஎஸ் 1770 வர இன்னும் 12 ஆண்டு இருந்தது.

கடைசியாக ஸ்ட்ரீமிங். 'காம்' சட்டம் ஒளிபரப்புக்கும் கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும்தான், இணையம் அதன் கைக்கு எட்டாது. நெட்ஃப்ளிக்ஸ் தன் படைப்புகளுக்குக் கேட்பது வசனம் மைனஸ் 27. இணையத்துக்கென்று மிக்ஸ் செய்த விளம்பரம் மைனஸ் 16 வரை இருக்கும். இரண்டையும் ஒட்டினால் 11 டெசிபெல். பழைய டிவியில் விளம்பரத்தைச் செருகும் இடத்தில் ஒரு ஆள் இருந்தார். இங்கே ஆளுக்கு ஒரு விளம்பரத்தை சர்வர் அந்த நொடியில் செருகுகிறது. கலிபோர்னியா மாநிலம் 2025 அக்டோபரில் எஸ்பி 576 என்ற சட்டத்தை இயற்றி, 'காம்' சட்டத்தின் அளவுகோலையே ஸ்ட்ரீமிங் சேவைகளுக்கும் நீட்டியது. நடைமுறைத் தேதி 2026 ஜூலை 1. இதைச் செய்யப் பெரிய வித்தை தேவையில்லை. விளம்பரக் கோப்பு சர்வருக்குள் ஏறும்போதே ஒரு முறை அளந்து, எண்ணைக் கோப்போடு எழுதி வைத்து, நிகழ்ச்சியின் எண்ணுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை டிரான்ஸ்கோட் செய்யும்போது, அதாவது கோப்பை ஸ்ட்ரீமிங்குக்கு ஏற்ற வடிவங்களுக்கு மாற்றும்போது, கெயினாகக் கழித்துவிட வேண்டும். ஒவ்வொரு பிட்ரேட் பதிப்புக்கும், ஸ்டீரியோவுக்கும் 5.1 என்ற ஆறு சேனல் சரவுண்ட் ஒலிக்கும் தனித்தனியாக. 5.1ஐ ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது எண் மாறும் என்பதால், சுருக்கிய பிறகு இன்னொரு முறை அளந்தாக வேண்டும்.