சணல் கயிற்றில் இறங்கிய வெப்பமானி

நேயர்களுக்கு வணக்கம்.

1872 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து சேலஞ்சர் என்ற போர்க்கப்பல் புறப்பட்டது. பீரங்கிகளில் பெரும்பாலானவற்றை இறக்கிவிட்டு, அங்கே ஆய்வுக்கூடம் அமைத்திருந்தார்கள். மூன்றரை ஆண்டுகள் உலகக் கடல்களைச் சுற்றி, 362 இடங்களில் நின்று ஆழ்கடலை ஆராய்ந்தது அந்தக் கப்பல்.

நம் மீனவர்கள் கடலின் ஆழத்தைப் 'பாகம்' என்று சொல்வார்கள். இரு கைகளையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறடி. சேலஞ்சர் மாலுமிகளும் இதே அளவில்தான் கணக்கு வைத்தார்கள். சணல் கயிற்றில் வெப்பமானிகளைக் கட்டி நூறு பாகம், இருநூறு பாகம் என்று இறக்குவார்கள்.

அந்த வெப்பமானியைச் சற்று அருகில் பாருங்கள். வளைந்த கண்ணாடிக் குழாய், உள்ளே பாதரசம், அதன்மேல் ஒரு சின்னஞ்சிறு எஃகுத் துண்டு. குளிரக் குளிரப் பாதரசம் அந்தத் துண்டைத் தள்ளிக்கொண்டே போகும். மேலே தூக்கும்போது பாதரசம் திரும்பிவிடும், துண்டு அங்கேயே நிற்கும். அளவைக் குறித்துக்கொண்டு, காந்தத்தால் இழுத்துத் துண்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவார்கள். ஆழத்தின் அழுத்தம் குழாய் முனையிலுள்ள கண்ணாடிக் குமிழை நெருக்கி அளவைக் கெடுத்துவிடாதிருக்க, அதற்கு மேல் இன்னொரு கண்ணாடி உறை. எத்தனை கவனம்! ஆனாலும், கடந்து வந்த வழியில் எது மிகக் குளிர்ந்ததோ அதை மட்டுமே இந்தக் கருவி சொல்லும். குளிர்ந்த நீருக்கு அடியில் வெப்பமான நீர் கிடக்கும் தென்துருவக் கடலில் அது ஏமாந்துபோகும்.

உப்பின் கதை தனி. கொண்டுவந்த நீரில் 77 மாதிரிகளை கிளாஸ்கோவில் வேதியியலாளர் வில்லியம் டிட்மார் பகுத்துப் பார்த்தார். 1884-இல் அவர் வெளியிட்ட முடிவு இது: உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறும், ஆனால் அதிலுள்ள முக்கியமான பொருள்களின் விகிதம் ஏறக்குறைய மாறாது. குளோரின் அளவு தெரிந்தால் உப்பின் அளவைக் கணக்கிட்டுவிடலாம் என்ற வழிக்கு இது உறுதியான அடித்தளம் ஆயிற்று.

இன்று ஆர்கோ என்னும் தானியங்கி மிதவைகள் 2000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, பத்து நாளுக்கொரு முறை மேலே வந்து தகவல் தருகின்றன. 2012-இல் அந்தத் தகவல்களைச் சேலஞ்சரின் குறிப்புகளோடு ஒப்பிட்டார்கள். சராசரியாக, கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 0.6 டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது. இருநூறு பாக ஆழத்தில் 0.4 டிகிரி. மாலுமிகள் ஒவ்வோர் அளவையும் இடத்தோடும் ஆழத்தோடும் எழுதிவைத்ததால்தான் இது நமக்குத் தெரிகிறது. அந்தப் பக்கங்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நீரோட்டத்தில் கயிறு சாய்ந்திருக்கும். இருநூறு பாகம் என்று எழுதிய இடத்தில் வெப்பமானி அதைவிட மேலே, சற்றுச் சூடான நீரில் நின்றிருக்கும். அப்படியென்றால் அன்றைய ஆழ்கடல் அவர்கள் எழுதியதைவிடக் குளிர்ந்திருந்தது. அது சூடேறியிருப்பதும் நாம் கணக்கிட்டதைவிடக் கூடுதல்.