கையெழுத்து இடப்படாத ஆணை

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் இளைய நண்பர்களுக்கும் என் வணக்கம்.

மங்கோலியாவின் கம்யூனிச ஆட்சிக் காலத் தலைவர்களுள் யாரைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணியபோது, புகழில் பெரியவர்களான சோய்பால்சானையும் செடென்பாலையும் விட்டுவிட்டு, ஜம்பின் பத்மோங்க் என்பவரைத் தேர்ந்துகொண்டேன். மங்கோலியர் நம்மைப் போலவே தந்தையின் பெயரை முன்னே வைத்துத் தம் பெயரைப் பின்னே சொல்பவர்கள். 'ஜம்பின்' என்பது தந்தை பெயரின் வேற்றுமை உருபு ஏற்ற வடிவம். 'பத்' என்றால் உறுதி, 'மோங்க்' என்றால் என்றும் நிலைத்தது. பெயர் கம்பீரமானதுதான், ஆனால் அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதியில் கம்பீரமாகச் சொல்ல எதுவுமில்லை. ஆண்டது ஐந்தரை ஆண்டு. அதில் ஒரு சில நாள்களுக்காகவே நான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள உவ்ஸ் மாகாணத்தில் 1926ஆம் ஆண்டு மார்ச் 10 அன்று அவர் பிறந்தார். தலைநகர் உலான்பாத்தரின் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்து, மாஸ்கோவில் மேற்படிப்பு முடித்து, பொருளாதாரம் கற்பிக்கும் ஆசிரியராகி, பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்தார். 1974இல் அமைச்சரவைத் தலைவரானார். அதே உவ்ஸ் மாகாணத்தில் பிறந்த செடென்பால்தான் அப்போது கட்சியின் தலைவர். நாற்பதாண்டுக் காலம் அதிகாரத்தின் உச்சியில் இருந்த அவரை, 1984 ஆகஸ்டில் அவர் மாஸ்கோவில் இருந்த வேளையில், உடல்நலத்தைக் காரணம் காட்டிக் கட்சி விலக்கியது. அந்த இடத்துக்கு வந்தவர்தான் பத்மோங்க். மாஸ்கோவின் ஒப்புதல் இல்லாமல் அன்றைய உலான்பாத்தரில் இப்படியொரு மாற்றம் நடந்திருக்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மக்கள் வாக்களித்து வந்தவர் அல்லர் அவர். ஒரு கட்சி ஆட்சியின் முறைப்படி வளர்ந்து, அந்த முறைப்படியே மேலே வந்தவர்.

சோவியத் ஒன்றியத்தில் கோர்பச்சேவ் சீர்திருத்தங்களைத் தொடங்கியபோது பத்மோங்க்கும் தம் நாட்டில் மறுசீரமைப்பைப் பற்றியும், 'இல் தோத்' என்று மங்கோலியர் அழைத்த வெளிப்படைத்தன்மையைப் பற்றியும் பேசத் தொடங்கினார். 1987 ஜனவரியில் அமெரிக்காவுடன் தூதரக உறவு ஏற்பட்டது. அதே ஆண்டில் சோவியத் படைகளில் ஒரு பகுதி நாட்டைவிட்டு வெளியேறத் தொடங்கியது. ஆனாலும் அந்தச் சீர்திருத்தங்கள் எச்சரிக்கையானவை, மெதுவானவை. இளைஞர்களுக்கு அந்த வேகம் போதவில்லை, அவர்கள் பொறுமை இழந்ததில் நியாயமும் இருந்தது.

1989 டிசம்பர் 10, மனித உரிமை நாள். உலான்பாத்தரின் இளைஞர் பண்பாட்டு மாளிகை முன் ஏறத்தாழ இருநூறு பேர் கூடினார்கள். பல்கலைக்கழக ஆசிரியரான சொரிக் உள்ளிட்ட இளைஞர்கள் அன்று மங்கோலிய ஜனநாயக ஒன்றியத்தை அறிவித்தார்கள். ஜனவரிக் குளிரில் அந்தக் கூட்டம் ஆயிரமாயிற்று. பிப்ரவரியில் தேசிய நூலகத்தின் முன் நின்றிருந்த ஸ்டாலின் சிலை இரவோடு இரவாக அகற்றப்பட்டது. மார்ச் தொடக்கத்தில் பல்லாயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். மார்ச் 7 அன்று பத்துப் பேர், 'தேல்' எனப்படும் மங்கோலிய மேலங்கியை அணிந்து, சுக்பாத்தர் சதுக்கத்தில் உண்ணாநோன்பு இருக்க உட்கார்ந்தார்கள். ஆட்சித் தலைமை பதவி விலகும்வரை எழமாட்டோம் என்றார்கள். மார்ச் மாதத்து உலான்பாத்தர் இரவு, உறைநிலைக்கு வெகு கீழே இறங்கும் இரவு. சதுக்கத்தின் எதிரே அரசு மாளிகை. அதன் சாளரங்களிலிருந்து பார்த்தால் அந்தப் பத்துப் பேரும் கண்ணுக்குத் தெரிவார்கள்.

அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்புதான் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் படை இறங்கியிருந்தது. அந்த உண்ணாநோன்புக்கு மூன்றே மாதங்களுக்கு முன்பு ருமேனியாவில் துப்பாக்கி பேசியிருந்தது. உலான்பாத்தரிலும் தலைமைக்குள் கடுமையாக நடந்துகொள்ள வேண்டும் என்றவர்கள் இருந்தார்கள். பலப்பிரயோகத்துக்கான ஆணை ஒன்று கையெழுத்துக்காகப் பத்மோங்க் முன் வைக்கப்பட்டது. அவர் அதில் கையெழுத்திடவில்லை. "இதில் நான் ஒருபோதும் கையெழுத்திட மாட்டேன். மங்கோலியர் நாம் ஒரு சிலரே, ஒருவர் மூக்கில் ஒருவர் குருதி வரவழைக்கும் நிலைக்கு நாம் வந்துவிடவில்லை" என்று சொல்லி, மேசையைத் தட்டிவிட்டு அறையைவிட்டு வெளியேறினார் என்பதே மங்கோலியர் இன்றும் நினைவுகூரும் செய்தி.

'ஒரு சிலரே' என்னும் அந்தச் சொல்லைச் சற்று நின்று கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பரந்த நிலப்பரப்பும், அன்று ஏறத்தாழ 20 இலட்சம் மக்களும் கொண்டிருந்த நாடு அது. அந்த நாட்டின் கம்யூனிச ஆட்சி 1930களின் இறுதியில் துறவிகளையும் அறிஞர்களையும் தன் சொந்தக் கட்சியினரையும் பல்லாயிரக்கணக்கில் கொன்றது. பிரதமராக இருந்த கெந்தென் 1937இலும், அவருக்குப் பின் வந்த அமர் 1941இலும் சோவியத் மண்ணில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொடுமை உச்சத்தை அடைந்தபோது பத்மோங்க் பதினோரு வயதுச் சிறுவர். சிறுபிள்ளையாக அவர் எதைக் கேட்டார், எதைக் கண்டார் என்று நான் கற்பனை செய்யப் போவதில்லை. ஆயினும், தன் கட்சி ஒருமுறை கையெழுத்துகளால் செய்த கொலைகளை அறிந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர் என்பதை மறந்துவிட்டு அந்த மறுப்பைப் படிக்க என்னால் முடியவில்லை.

துணைப் பிரதமர் பியாம்பசூரென் உண்ணாநோன்பு இருந்தவர்களுடன் பேச அனுப்பப்பட்டார். மார்ச் 9 அன்று இரவு, கட்சியின் அரசியல் தலைமைக்குழு முழுவதும் பதவி விலகுவதாக அறிவிப்பு வந்தது. சதுக்கத்தில் இருந்தவர்கள் உண்ணாநோன்பை முடித்து எழுந்தார்கள். அந்தச் சதுக்கத்தில் துப்பாக்கி வெடிக்கவில்லை.

பத்மோங்க் ஜனநாயகத்தின் தந்தை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெருமை குளிரில் நின்றவர்களுக்கும் உட்கார்ந்தவர்களுக்கும் உரியது. கட்சியின் தனியாட்சியை அவர் தாமாக முன்வந்து கைவிட்டார் என்றும் சொல்ல மாட்டேன். கேட்டவர்கள் கேட்டதால்தான் விட்டார். ஆனால் கேட்டவர்களைச் சுட்டு வீழ்த்தும் அதிகாரம் தம் கையில் இருந்தபோது, அதை வேண்டாம் என்று தள்ளியவர் அவர். அவருக்குரிய மதிப்பை இந்த அளவில் நிறுத்திக்கொள்வதே அவருக்கும் அந்த இளைஞர்களுக்கும் செய்யும் நேர்மை என்று நான் கருதுகிறேன்.

1990 ஜூலையில் மங்கோலியாவின் முதல் பலகட்சித் தேர்தல் நடந்தது. பதவி விலகிச் சென்ற பத்மோங்க்கின் மக்கள் புரட்சிக் கட்சியே அதில் வென்றது. எதிர்த்து நின்ற கட்சிகளும் பேரவையில் இடம்பிடித்தன. 1992இல் புதிய அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது. பத்மோங்க் மீண்டும் ஆட்சிப் பொறுப்புக்கு வரவில்லை. 1997 மே 14 அன்று, 71ஆம் வயதில் அவர் காலமானார். அவருடைய கட்சியை வாக்குப்பெட்டியில் தோற்கடித்த ஜனநாயகக் கூட்டணியின் ஆட்சி அன்று நாட்டில் நடந்துகொண்டிருந்தது.