அரியாட்னி ஏற வேண்டியது பாயில்தான்

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

"கிரேக்கத் தொன்மத்துப் பெண்ணை இன்றைய ஓவியர் புதிதாகப் படைக்க ஏற்ற இடம் அருங்காட்சியகச் சுவரா, படகின் பாயா?" என்பது இன்றைய தலைப்பு. பாய்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று காரணம் சொன்னார். பாய் வெயிலிலும் உப்புக் காற்றிலும் கெட்டுப்போகும். பக்கத்தில் விளக்கப் பலகை இல்லாததால், வரைந்திருப்பது யாரை என்றே பார்ப்பவருக்குத் தெரியாது. கடைசியில் அது பணக்காரர் படகுக்கு அலங்காரமாகத்தான் முடியும். மூன்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் யாருக்காக வாதாடுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் பெயர் அரியாட்னி.

கிரீட் தீவின் மன்னன் மைனாஸின் மகள் அவள். அங்கே சுற்றுச்சுழல் கட்டடத்துக்குள் அடைத்து வைத்திருந்த, காளைத் தலையும் மனித உடலும் கொண்ட மினோட்டாருக்கு இரையாக ஏதென்ஸிலிருந்து ஏழு இளைஞர்களையும் ஏழு பெண்களையும் அனுப்புவார்கள். அந்தக் கூட்டத்தோடு ஏதென்ஸ் இளவரசன் தீசியஸ் வந்தான். அவன் கையில் நூலுருண்டையைக் கொடுத்தவள் அரியாட்னி. அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் அவன் உயிரோடு வெளியே வந்தான். அப்பன் வீட்டைப் பகைத்துக்கொண்டு அவனோடு கப்பலேறினாள். நக்ஸோஸ் தீவில் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது அவன் கப்பலின் பாயை விரித்துக் கிளம்பிப் போய்விட்டான். பிறகு மதுவின் தெய்வமான டயோனிசஸ் வந்து அவளை மணந்தார், அவளுடைய மகுடம் வானத்தில் நட்சத்திரக் கூட்டமானது என்று கதை போகிறது.

இவளை ஓவியர்கள் எப்படி வரைந்தார்கள் என்று பாருங்கள். பொம்பெயிச் சுவரோவியங்களில் அவள் தூக்கம் கலைந்து எழுகிறாள், கப்பல் விலகிப் போகிறது. வெனிஸ் ஓவியர் டிஷியன் 1520 முதல் 1523 வரை வரைந்த படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதில் டயோனிசஸ் தேரிலிருந்து குதிக்கிறார், சிறுத்தைகள் நிற்கின்றன, ஒரே ஆரவாரம். இடது ஓரத்தில், அவள் தோளுக்கு அப்பால், பொட்டு அளவுக்கு ஒரு கப்பல். ஏஞ்சலிகா காஃப்மன் 1774-இல் வரைந்தார். வரைந்தவர் ஒரு பெண். அவர் படத்திலும் அரியாட்னி கரையில்தான் துவண்டு கிடக்கிறாள், கப்பல் தூரத்தில் போகிறது. வாட்டர்ஹவுஸ் 1898-இல் வரைந்ததிலும் அவள் தூங்குகிறாள், பின்னால் கப்பல் கிளம்புகிறது.

நடுவர் அவர்களே, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு. இத்தனை படத்திலும் பாய் இருக்கிறது, எல்லாமே அவளை விட்டுப் போகிற பாய். கரை அவளுக்கு, பாய் அவனுக்கு என்று யாரோ பாகம் பிரித்து வைத்தது போல வரைந்து வந்திருக்கிறார்கள்.

இப்போது ஒருவர் இவளைப் புதிதாகப் படைக்க வருகிறார் என்றால் எதை மாற்ற வேண்டும்? முகத்தையா, உடையையா? கண்ணீரைத் துடைத்துவிட்டுக் கோபத்தை வைத்தால் போதுமா? நல்ல ஓவியர் அதையும் செய்யலாம். ஆனாலும் சுவரில் மாட்டிய படத்தில் அவள் நின்ற இடத்தில்தான் நிற்பாள். பாயில் வரைந்தால் அவள் கடலில் போவாள். காற்று அவளைத் தள்ளும், கரையில் இருப்பவர்கள் அவள் போவதைப் பார்ப்பார்கள். இந்தக் கதையில் இதுவரை யாரும் அவளுக்குக் கொடுக்காத ஒன்று அது. இதை எந்தச் சுவராலும் செய்ய முடியாது. என் வாதத்தின் உயிர் இதுதான்.

பாயில் படம் என்பது இன்றைய கலைஞர்களின் விநோத ஆசை என்பது போல எதிரணியில் பேசினார்கள். ஏதென்ஸிலேயே பதில் இருக்கிறது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அங்கே பெரிய பனதேனியா விழா நடக்கும். அந்த விழாவுக்காக ஊர்ப் பெண்கள் மாதக்கணக்காகத் தறியில் உட்கார்ந்து ஏதீனா தேவிக்கு ஆடை நெய்வார்கள். பெப்லோஸ் என்று பெயர். தேவர்களும் அரக்கர்களும் போரிடும் காட்சி, அதில் ஏதீனா அரக்கரை வீழ்த்தும் காட்சி, அந்தத் துணியிலேயே நெய்யப்பட்டிருக்கும். அந்த ஆடையை எப்படிக் கொண்டுபோனார்கள் தெரியுமா? சக்கரம் வைத்த கப்பல் ஒன்றைச் செய்து, அதன் பாய்மரத்தில் இந்த ஆடையைப் பாயாகக் கட்டி, நம் ஊர்த் தேர் மாதிரி வீதி வழியே ஊர்வலமாக அக்ரோபோலிஸ் குன்றின் பக்கம் வரை கொண்டுபோனார்கள். அதாவது ஒரு தொன்மப் பெண்ணின் உருவம் பாயில் ஏறி ஊரின் நடுவே போயிருக்கிறது. அதை நெய்தவர்கள் பெண்கள். அதை ஊரே தெருவில் நின்று பார்த்தது. கிரேக்கர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த இடம் இது.

இன்னொன்றையும் பாருங்கள். தீசியஸ் கதையிலேயே பாய்தான் சேதி சொல்கிறது. பிழைத்து வந்தால் வெள்ளைப் பாய் கட்டு என்று தந்தை ஈஜியஸ் சொல்லி அனுப்பினார். மகன் மறந்துபோய்க் கறுப்புப் பாயோடு திரும்பினான். தூரத்திலிருந்து அதைப் பார்த்த ஈஜியஸ் குதித்து உயிரை விட்டார். (நல்ல சேதிக்கான பாய் வெள்ளை இல்லை, சிவப்பு என்று கவிஞர் சைமனிடிஸ் சொன்னதாகப் பழங்கால வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். எனக்கு அந்தச் சிவப்புதான் பிடித்திருக்கிறது.) ஒரு மன்னன் உயிரையே எடுக்கும் அளவுக்குத் தெளிவாகப் பேசக்கூடிய துணியைப் பார்த்து, இதில் பொருள் புரியாது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

சரி, மூன்று காரணங்களுக்கு வருகிறேன்.

விளக்கப் பலகை இல்லையே என்றார்கள். வாட்டிகனில் படுத்த நிலையில் ஒரு பெண்ணின் சலவைக்கல் சிலை இருக்கிறது. 1512-இல் போப் இரண்டாம் ஜூலியஸ் வாங்கியது. கையில் பாம்பு வடிவ வளையம் இருந்ததால் அது கிளியோபாட்ரா என்று முடிவு கட்டினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் விஸ்கோன்டி என்ற அறிஞர் அது அரியாட்னி என்று அடையாளம் கண்டார். இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் உலகத்தின் மிகச் சிறந்த சேகரிப்பு ஒன்றில், அத்தனை கவனிப்புக்கு நடுவில், அவள் வேறொருத்தி பெயரில் படுத்திருந்தாள். பலகை இருந்துவிட்டால் ஒரு பெண் புரிந்துவிடுவாள் என்று இனிமேல் சொல்லாதீர்கள்.

இடம் பொருளை எப்படித் திறக்கும் என்பதற்கு அண்மைச் சான்று, பாம்புக் கூந்தல் கொண்ட தொன்மப் பெண் மெடூசா. லூச்சானோ கார்பாட்டி என்ற சிற்பி 2008-இல் ஒரு சிலை செய்தார். பழைய சிலைகளில் அவளைக் கொன்ற வீரன் பெர்சியஸ் மெடூசாவின் தலையைப் பிடித்திருப்பான். இவர் சிலையில் மெடூசா அவன் தலையைப் பிடித்திருக்கிறாள். 2020 அக்டோபரில் அதை நியூயார்க்கில் ஒரு பூங்காவில், குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிரே வைத்தார்கள். அப்போதுதான் பெரிய விவாதமே கிளம்பியது. அவளைக் கெடுத்தவன் கடல் தெய்வம் பொசைடன் ஆயிற்றே, ஏன் பெர்சியஸின் தலை என்று கேட்டார்கள். இதை ஓர் ஆண் ஏன் செய்ய வேண்டும் என்றும் கேட்டார்கள். அத்தனையும் நியாயமான கேள்வி. தெருவில் போகிறவர்கள் பார்க்கிற இடத்தில் வைத்ததால் எழுந்த கேள்வி.

அடுத்து, பணக்காரர் படகு. எதிரணியில் காட்டிய உதாரணம், கிரேக்க சேகரிப்பாளர் ஒருவருக்காக அமெரிக்கக் கலைஞர் ஜெஃப் கூன்ஸ் வண்ணம் தீட்டிய 'கில்ட்டி' என்ற உல்லாசப் படகு. அது மோட்டாரில் ஓடும் படகு, அதில் வண்ணம் இருப்பது உடற்பகுதியில். பாய்க்கு எதிரான சான்றாக அது எப்படி நிற்கும்? நான் வேறு இரண்டு காட்டுகிறேன். வெனிஸ் பக்கத்தில் கியோஜா மீனவர்கள் தங்கள் பாய்களில் காவி, மஞ்சள் மண்ணைக் குழைத்துப் பூசிக் குடும்பத்துக்கொரு அடையாளம் வரைந்தார்கள். கரையில் காத்திருப்பவர்கள் அதைப் பார்த்தே யார் படகு வருகிறது என்று சொல்வார்கள். இரண்டாவது, பிரெஞ்சுக் கலைஞர் டேனியல் பியூரன். 1975-இல் பெர்லினில், வான்சே ஏரியில், சிறுவர்கள் ஓட்டும் 'ஆப்டிமிஸ்ட்' என்ற குட்டிப் படகுகளுக்குத் தன் கோடு போட்ட பாய்களைக் கட்டிப் பந்தயம் விட்டார். பந்தயம் முடிந்ததும் அந்தப் பாய்களைக் காட்சிக்கு மாட்டினார், எந்தப் படகு எத்தனையாவதாக வந்ததோ அந்த வரிசையில். காட்சியை அடுக்கியது காற்றும் ஓட்டியவர்களின் கையும். இதில் பணக்காரர் எங்கே வந்தார்?

கடைசியாக, கெட்டுப்போகும் என்ற வாதம். ஒத்துக்கொள்கிறேன், கெட்டுப்போகும். பாலியெஸ்டர் பாயையும் வெயில் அரிக்கும். நைலான் இன்னும் சீக்கிரம் போகும். தடித்த சாயம் பூசினால் பாய் படபடக்கும்போது வெடிக்கும், அதனால் ஓவியர் துணியிலேயே சாயம் ஏற்ற வேண்டும், அல்லது பாயில் எண் ஒட்டப் பயன்படும் மெல்லிய துணியை வெட்டி ஒட்ட வேண்டும். கஷ்டமான வேலைதான். ஆனால் துணியைக் கேவலமாக நினைக்காதீர்கள். ஈரக் காற்றில் சுவரோவியம் உதிர்ந்த வெனிஸில் ஓவியர்கள் துணிக்கு மாறியதற்கு ஒரு காரணம், கப்பல் பாய்க்கான துணி அங்கே தாராளமாகக் கிடைத்தது. டிஷியன் அரியாட்னியைத் தீட்டியதும் துணியில்தான்.

மெல்லிய பாயில் ஒரு பக்கம் வரைந்தது மறுபக்கமும் தெரியும். இது குறை என்பார்கள். எனக்கு இதுதான் பெரிய வாய்ப்பாகப் படுகிறது. ஒரு பக்கம் தூங்கும் அரியாட்னியையும் மறுபக்கம் விழித்தவளையும் வரையட்டும். வெயில் பின்னால் விழும்போது இரண்டு முகமும் ஒன்றன்மேல் ஒன்று தெரியும். படகு காற்றுக்குக் குறுக்கே திரும்பும் ஒவ்வொரு முறையும் கரைக்குத் தெரியும் முகம் மாறும். நக்ஸோஸ் துறைமுகத்தில், கி.மு. ஆறாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட அப்பல்லோ கோயிலின் பளிங்கு வாசல் இன்றும் நிற்கிறதே, அதைத் தாண்டி அந்தப் பாய் வெளிக்கடலுக்குப் போகட்டும்.

பத்து ஆண்டில் கிழியுமா? கிழியட்டும். பெப்லோஸை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக நெய்தார்களே. அரியாட்னியின் முடிவையும் ஊருக்கொரு விதமாகத்தான் சொன்னார்கள். வேட்டைத் தெய்வம் ஆர்டெமிஸ் அவளைக் கொன்றாள் என்றது ஹோமரின் ஒடிசி காவியம். சைப்ரஸில் பிரசவத்தில் இறந்தாள் என்றும் ஒரு கதை உண்டு, அதை புளூட்டார்க் எடுத்துச் சொல்கிறார். இப்படி ஒரே முடிவில் நிற்காத பெண்ணுக்கு நிரந்தரமான ஒரே படம் எதற்கு? பாய் கிழிந்தால் அடுத்த தலைமுறையில் இன்னொருத்தி வரைவாள்.

எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரே ஒரு கேள்வி. உங்கள் சுவரில் நாளைக்கு மாட்டப்போகும் அரியாட்னியின் படத்திலும் தூரத்தில் ஒரு கப்பல் போகுமா, போகாதா? போகும் என்றால் அதில் புதிது என்ன? போகாது என்றால் அவள் எப்படி அந்தத் தீவை விட்டுக் கிளம்புவாள்? பதில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடருங்கள். நன்றி, நடுவர் அவர்களே.