பனிக்கன்குளமோ பணிக்கன்குளமோ?

சரி, அடுத்த கேள்விக்கு வருவம். முழங்காவில்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார், "அண்ணை, ஏ9 ரோட்டில பனிக்கன்குளம் எண்டு போர்ட் கிடக்கே, அங்க என்ன பனி கூடவோ?" எண்டு. சிரிக்காதேங்கோ, நானும் சின்னனில அப்பிடித்தான் நினைச்சனான், பஸ் கொக்காவில் தாண்டி மாங்குளம் வர முதல் கண்டக்டர் அந்தப் பேரைக் கத்தேக்க யன்னலால எட்டிப் பார்க்கிறனான் பனி கிடக்கோ எண்டு. மார்கழி தையில வன்னி முழுக்கப் பனிதானே, ஒரு குளத்துக்கு மட்டும் ஏன் அந்தப் பேர்?

என்னைக் கேட்டா அது ரெண்டு சுழி இல்லை, மூண்டு சுழி. பணிக்கன். வவுனியாப் பக்கம் பணிக்கநீராவி எண்டு இன்னொரு ஊர் கிடக்கு, அதிலயும் இந்தச் சொல்லுத்தான்.

பணிக்கன் எண்டா வேலை தெரிஞ்ச ஆள், பழக்கிற வாத்தியார். கேரளாவில களரி பழக்கினவையையும் பணிக்கர் எண்டுதான் சொல்லுறது. எங்கட பக்கம் அது யானை பிடிக்கிறவையின்ர பேராப் போச்சு. மன்னார்ப் பக்கத்திலயும் கிழக்கில ஏறாவூரிலயும் முஸ்லிம் ஆக்கள் இதில பேர் போனவை.

அவையின்ர ஆயுதம் எண்டு பார்த்தா துவக்குமில்லை ஒண்டுமில்லை, ஒரு கயிறுதான். மான் தோல் இல்லாட்டி எருமைத் தோலை நீளமா வாரா வெட்டி முறுக்கித் திரிக்கிறது. ரெண்டு பேர் சத்தமில்லாமல் பின்னால போய், யானை பின்னங்காலைத் தூக்கி வைக்கிற நேரம் பார்த்துச் சுருக்கை மாட்டிப்போட்டு, அது ஓட வெளிக்கிட கயித்தின்ர மற்ற நுனியோட தாங்களும் ஓடி நல்ல மரமொண்டில சுத்திக் கட்டிப்போடுவினம். யோசிச்சுப் பாருங்கோ, எனக்கு வயலில யானை பிளிறினாலே கை கால் ஓடாது.

அந்த நாளில இது சும்மா வேலையில்லை. 1658இல இருந்து 1795 மட்டும் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர், வன்னிப் பக்கத்துச் சிற்றரசர்மாரான வன்னியர்மாரிட்ட திறையா வாங்கினதே யானையைத்தான். பிடிச்ச யானையளை ஆனையிறவால நடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டுபோய் இந்திய வியாபாரியளுக்கு வித்தவங்கள். ஆனையிறவு எண்ட பேரைப் பிரிச்சுப் பாருங்கோ, விளங்கும்.

உதோட இன்னொரு தங்கச்சியும் கேட்டவ, ஜீ.எஸ்ஐ, அதுதான் கிராம சேவகரை, ஏன் அம்மம்மா விதானையார் எண்டுறா எண்டு. அது சின்ன விசயம் பிள்ளை, 1963இல விதானை எண்ட பழைய ஊர்த்தலைமைப் பதவியை எடுத்துப்போட்டுத்தான் கிராம சேவகரைப் போட்டவை, கதிரை மாறினாலும் ஊர்வாய் மாறேல்லை.

பணிக்கனுக்கு அந்தக் குடுப்பினை இல்லை. தொழில் போச்சு, இப்ப போர்ட்டில எழுத்தும் மாறிப் பனியாப் போச்சு. யானை மட்டும் அப்பிடியே நிக்குது, போன கிழமையும் எங்கட வாழைக்குள்ள இறங்கினது, விடிய விடிய யானை வெடி கொளுத்தினதில தொண்டை கட்டிப்போச்சு, அதுதான் இண்டைக்கு என்ர குரல் இப்பிடி.