வலப்பக்கம் ஓடும் தட்டு

வணக்கம். டிஸ்க் கோல்ஃப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலர் இந்த விளையாட்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கோல்ஃப் மாதிரிதான், பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. கலிஃபோர்னியாவில் பசடேனாவுக்குப் பக்கத்து ஓக் குரோவ் பூங்காவில் 1975இல் எட் ஹெட்ரிக் அமைத்ததுதான் முதல் நிரந்தர மைதானம். அந்தச் சங்கிலிக் கூடையும் அவர் வடிவமைத்ததே.

நான் ஆடுவது சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில். அங்கே சுற்றிலும் மரங்கள், மேற்கே கடல். கோடைக்காலத்தில் மதியம் தாண்டினால் கடல்காற்று முகத்தில் அறையும். காலையில் சொன்ன பேச்சைக் கேட்ட என் லெப்பர்ட் என்கிற தட்டு, மாலையில் அந்தக் காற்றுக்கு எதிரே எறிந்தால் வலப்பக்கம் சாய்ந்து, சாய்ந்தபடியே புதருக்குள் போய்விடும். இன்னும் ஸ்டேபிளான, அதாவது அப்படிச் சாயாமல் தாக்குப்பிடிக்கிற, ஒரு ஃபேர்வே டிரைவர் (நடுத்தர தூரத்துக்கு எறிகிற தட்டு) வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அப்படித்தான்.

தட்டில் நான்கு எண்கள் இருக்கும்: வேகம், மிதப்பு, டர்ன், ஃபேட். லெப்பர்டுக்கு 6, 5, மைனஸ் 2, 1. வலது கையால் பேக்ஹேண்ட், அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கம் வீசி, எறிகிற ஒருவரை வைத்துச் சொல்கிறேன். தட்டு வேகமாகப் போகும்போது வலப்பக்கம் சாய்வது டர்ன்; மைனஸ் கூடக்கூடச் சாய்வும் கூடும். வேகம் குறைந்து இறங்கும்போது இடப்பக்கம் வளைவது ஃபேட். இடக்கைக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இது ஏன் நடக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காற்று தட்டைத் தூக்குகிற இடம், வேகமாகப் போகும்போது நடுமையத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அதனால் தட்டின் மூக்கு கீழே அழுந்தப் பார்க்கும். ஆனால் சுழல்கிற பொருளை ஒரு பக்கம் தள்ளினால் அது அந்தப் பக்கம் சாயாது, கால் வட்டம் தள்ளித்தான் சாயும். பம்பரத்தைத் தட்டிவிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் மூக்கு அழுந்துவதற்குப் பதில் தட்டு வலப்பக்கம் புரள்கிறது. வேகம் குறைந்ததும் அந்த இடம் முன்னால் நகர்கிறது, புரட்டல் இடப்பக்கம் மாறுகிறது. எதிர்காற்றில் தட்டின் மேல் ஓடும் காற்றின் வேகம் கூடிவிடுவதால் டர்னும் கூடிவிடுகிறது. என் லெப்பர்ட் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

இது தெரியாத காலத்தில் நான் நேரே கடைக்குப் போய் "ரொம்ப ஸ்டேபிளானது கொடுங்கள்" என்று கேட்டு ஒரு ஃபயர்பேர்ட் வாங்கினேன். 9, 3, 0, 4. நல்ல தட்டுதான், என் கைக்கு வேகம் போதவில்லை. வலப்பக்கம் ஒரு விரற்கடை கூட நகராமல், கொஞ்ச தூரம் போனதும் இடப்பக்கம் வெட்டிக்கொண்டு பொத்தென்று விழுந்தது. முன்பு வலப்புறப் புதரில் தேடினேன், அப்புறம் இடப்புறப் புதரில் தேடினேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குத் தேவைப்பட்டது மூன்றாவது எண்ணில் மாற்றம். நான் வாங்கியதில் நான்காவது எண்ணும் பெரிதாக மாறியிருந்தது, போதாததற்கு வேகமும் மூன்று படி கூட. சரியான பதில் டீபேர்ட்: 7, 5, 0, 2. வேகமும் ஃபேடும் ஒரு படிதான் அதிகம், மிதப்பு அதேதான், டர்ன் மட்டும் இல்லை. பன்னிரண்டு முறை உலகச் சாம்பியன் ஆன கென் கிளைமோவின் பெயரில் ஒரு டீபேர்ட் வந்ததே, அந்த வகை. எதிர்காற்றிலும் நேராகப் போய், கடைசியில் மட்டும் அளவோடு இடப்பக்கம் ஒதுங்கும்.

எண்களை வேதவாக்காகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கில் போடுகிற எண்கள் இவை. ஒரே வார்ப்பில் வந்தாலும் சாம்பியன் என்கிற உறுதியான பிளாஸ்டிக்கில் செய்தது பொதுவாக டிஎக்ஸ் என்கிற சாதாரண பிளாஸ்டிக்கில் செய்ததைவிட ஸ்டேபிளாகப் பறக்கும். டிஎக்ஸ் விலை குறைவு, ஆனால் நாலு மரத்தில் அடிபட்டால் விளிம்பு தேய்ந்து டர்ன் கூடிக்கொண்டே போகும். எடையையும் பாருங்கள்: காற்றில் 150 கிராம் தட்டு ஆட்டம் காட்டும், 170க்கு மேல் இருப்பது நிலையாக நிற்கும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. பணம் செலவழிக்கும் முன் காற்றில்லாத நேரத்தில் ஒரு வெற்று மைதானத்தில் பத்து முறை எறிந்து பாருங்கள். கையை விட்ட கணமே தட்டு தள்ளாடி வலப்பக்கம் புரண்டால், விடும்போது மணிக்கட்டு உருள்கிறது என்று அர்த்தம். ஸ்டேபிளான தட்டு அந்தத் தப்பை மறைத்துக் கொடுக்கும், திருத்தாது. கொஞ்ச தூரம் நேராகப் போய், அப்புறம் மெல்ல வலப்பக்கம் நழுவித் திரும்பி வராமல் போனால்தான் தட்டை மாற்றுகிற பேச்சு.

லெப்பர்டை நான் தூக்கிப் போடவில்லை. பின்காற்றுக்கும், வலப்பக்கம் வளைகிற பாதைகளுக்கும் இன்றும் அதுதான். ஃபயர்பேர்டும் பையில் இருக்கிறது. மரத்தைச் சுற்றி இடப்பக்கம் சட்டென்று வெட்ட வேண்டிய இடத்தில் அதற்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது. அதை வாங்கி மூன்று வருஷம் கழித்து.