ஒரு கிலோ பருப்பும் ஒரு பூட்டிய கதவும்

கொள்கை ஆய்வு என்றதும் டெல்லியில் ஏசி அறை, தடித்த அறிக்கை, நாலு வரைபடம் என்றுதான் மனசில் ஓடும். நான் பேசப்போவது ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்துக் கிராமங்களைப் பற்றி.

அங்கே தடுப்பூசி இலவசம். ஆனாலும் 2000-களின் நடுவில் அங்கே முழுசாகப் போட்டுக்கொண்ட குழந்தைகள் சொற்பம். படிக்காத ஜனங்க, ஊசி என்றாலே பயம் என்று சொல்லி முடித்துவிடலாம், பலர் அப்படித்தான் முடித்தார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அன்றைய கூலியையும் விட்டுவிட்டு, துணைச் சுகாதார நிலையத்துக்கு நடந்து போகிற தாய்க்கு அங்கே பூட்டிய கதவுதான் தரிசனம் என்றால் அவர் என்ன செய்வார்? அதற்கு முன்பே எடுத்த கணக்கில் செவிலியர்கள் 45 சதவீத நேரம் பணியிடத்தில் இல்லை. இப்படி ஒரு தடவை அல்ல, குறைந்தது ஐந்து தடவை வரவேண்டும்.

பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு, சேவா மந்திர் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து 134 கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தது. சில ஊர்களில் மாதம் தவறாமல் நடக்கும் தடுப்பூசி முகாம் மட்டும். சிலவற்றில் முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடிந்தால் சாப்பாட்டுத் தட்டுகள். மீதி ஊர்கள் பழையபடியே. முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் பழையபடி விட்ட ஊர்களில் 6 சதவீதம், முகாம் ஊர்களில் 18, பருப்பு ஊர்களில் 39.

இது லஞ்சம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊரில் சோற்றுக்காகப் பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம். செலவுக் கணக்கு இன்னும் சுவாரசியம்: செவிலியர் சம்பளம் பத்துப் பேர் வந்தாலும் ஒன்றுதான், முப்பது பேர் வந்தாலும் ஒன்றுதான். அதனால் பருப்பு வாங்கியும்கூட ஒரு குழந்தைக்கு ஆன செலவு பாதியாகக் குறைந்தது.

சரி, அப்படியானால் அரசுச் செவிலியர்களையே ஒழுங்காக வரவைத்துவிட்டால்? அதையும் பார்த்தார்கள். நாளும் நேரமும் அச்சிடும் ஒரு சின்ன இயந்திரம், கண்காணிப்பு நாட்களில் பாதிக்கு மேல் வராவிட்டால் சம்பளப் பிடித்தம். முதல் ஆறு மாதம் வருகை இரட்டிப்பானது. அதன்பின் 'இன்று கூட்டம், இன்று வேறு பணி' என்று வராததைக் கணக்கில் சேர்க்காத விலக்கு நாட்கள் பெருகின, அவற்றுக்கு அனுமதி தந்தது சுகாதார நிர்வாகமேதான். 16 மாதத்தில் எல்லாம் பழைய நிலை. எனக்குப் பருப்பு வெற்றியைவிட இந்தத் தோல்விதான் பெரிய பாடம். ஆனால் மேடைகளில் பருப்புக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

சரி, பருப்பு எல்லா இடத்துக்கும் மருந்தா? பின்னாளில் ஹரியானாவில் ஏழு மாவட்டங்களில் அரசோடு சேர்ந்து, போன் ரீசார்ஜ் பரிசு, எஸ்எம்எஸ் நினைவூட்டல், உள்ளூர்த் தூதர்கள் என்று கலந்து கலந்து 75 வகையான ஏற்பாடுகளைச் சோதித்தார்கள். அதிக ஊசி போடவைத்த கலவையில் பரிசும் இருந்தது. ஆனால் செலவழித்த ரூபாய்க்கு அதிகப் பலன் தந்ததில் பரிசே கிடையாது: நினைவூட்டல் எஸ்எம்எஸ், கூடவே 'உங்கள் ஊரில் ஒரு சேதியைச் சட்டென்று பரப்பக்கூடியவர் யார்?' என்று ஊராரிடமே கேட்டு, அவர்கள் கைகாட்டிய ஆள்.