எடைக் கருவிக்குத் தெரியாதது

எல்லோருக்கும் வணக்கம். கர்ப்பிணியின் எடைக்கும் பிள்ளையின் எடைக்கும் உள்ள தொடர்பைப் பேசப்போகிறேன். முதலில் ஒரு குதிரைச் செய்தி. 1938-இல் கேம்பிரிட்ஜில் வால்டன், ஹாமண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஷயர் என்னும் பெரிய இனத்தையும் ஷெட்லாண்ட் என்னும் குட்டை இனத்தையும் கலந்து பார்த்தார்கள். இரண்டு பக்கமும் கலப்பு ஒன்றுதான், தாய்தான் வேறு. ஷயர் தாய் ஈன்ற குட்டி மற்றதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிதாக இருந்தது. தகப்பன் எவ்வளவு பெரியவனானாலும், தாயின் உடல் இடம் கொடுத்த அளவுக்குத்தான் குட்டி வளர்ந்தது.

இதை வைத்து, தாய் குண்டாக இருந்தால் பிள்ளையும் புஷ்டியாகப் பிறக்கும், நல்லதுதானே என்று முடிவு கட்டிவிடுகிறோம். அங்கேதான் சிக்கல். ஒரே உயரம், ஒரே எடை உள்ள இரண்டு பெண்களில் ஒருவருக்குத் தசை கூடுதல், இன்னொருவருக்குக் கொழுப்பு கூடுதல். எடைக் கருவிக்கும், உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்குக்கும் இருவரும் ஒன்றுதான். கருவுக்கு அப்படியில்லை.

கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கிட்டத்தட்ட பாதியளவு கூடுகிறது. நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக ரத்தம் போவது இதனால்தான். கொழுப்பு நீங்கலான எடை என்று சொல்வதில் இந்த நீரும் தசையும் சேர்த்தி. குழந்தையின் பிறப்பு எடையோடு அதற்கு நெருக்கமான தொடர்பு உண்டு.

கொழுப்பு போகும் வழி வேறு. அது மிகுந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, தாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்துவிடும், தாயின் இன்சுலின் கடக்காது. அதனால் கரு தானே இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலின் கருவை வளர்க்கிறது, கொழுப்பையும் சேர்க்கிறது. நாலு கிலோ பிள்ளை என்று வீடே கொண்டாடும்போது, செவிலியர் அதன் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார். தொப்புள்கொடி அறுந்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிட்டது, பிள்ளையின் இன்சுலின் நிற்கவில்லை. சர்க்கரை சடாரென்று இறங்கும். தாயின் பருமனோடு ரத்த அழுத்தமும் சேர்ந்து நஞ்சுக்கொடி பழுதானால், பிள்ளை சிறுத்தும் பிறக்கலாம்.

அப்புறம், ‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடு’ என்ற உபதேசம். முதல் மூன்று மாதத்தில் கூடுதல் கலோரி அநேகமாகத் தேவையே இல்லை. நடு மூன்று மாதத்தில் நாளுக்குச் சுமார் 340, கடைசி மூன்று மாதத்தில் 450, அவ்வளவுதான். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009-இல் சொன்ன கணக்குப்படி, பிஎம்ஐ 18.5-க்குக் கீழே உள்ளவர் கர்ப்பகாலத்தில் 12.5 முதல் 18 கிலோ வரை ஏற வேண்டும். 30-உம் அதற்கு மேலும் உள்ளவருக்கு 5 முதல் 9 கிலோ போதும். சரி, பருமனாக இருப்பவர் கர்ப்பத்தில் பட்டினி கிடந்து இளைக்கலாமா? கூடாது. இளைப்பதென்றால் கருத்தரிப்பதற்கு முன்பே இளைத்துக்கொள்ள வேண்டும்.